இன்சுலினும் மோட்டார் நியூரான் நோயும்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் அக்கா வீட்டுக்காரருக்கு மோட்டார் நியூரான் நோய் வந்தபோது அவருக்கு ஏற்கெனவே சுகர் இருந்தது. அதனால் வீட்டிலும் தெருவிலும் எழுந்த கேள்விகளில் பாதி இன்சுலினைப் பற்றியே இருந்தன. பிறகு மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், லாஸ்பேட்டை, வில்லியனூர் என்று பல ஊர்க் குடும்பங்களிடமிருந்தும் அதே கேள்விகள் வந்தன. பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்தையும் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசிய பிறகுதான்.

மோட்டார் நியூரான் நோய் என்றால் என்ன?

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும், தண்டுவடத்திலிருந்து தசைக்கும் கட்டளை கொண்டுபோகும் இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக இறந்துபோகும் நோய் இது. கட்டளை வராத தசை முதலில் துடிக்கும், பிறகு மெலியும், கடைசியில் அசையாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு காலில் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று ஏதாவது ஒரு இடத்தில் தொடங்கும். தொடு உணர்ச்சி, பார்வை, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவை பெரும்பாலும் கெடுவதில்லை. பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும், ஒரு பகுதியினருக்கு நடத்தையிலும் சிந்தனையிலும் மாற்றம் வரும்.

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869-ல் இதை விவரித்தார். இதில் அதிகம் காணப்படும் வகை ஏ.எல்.எஸ்., அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம் பெரும்பாலும் பேசுகிறது. அறிகுறி தொடங்கி 2 முதல் 5 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு, ஆனால் பத்தில் ஒருவர் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில் கண்டறிந்தார்கள். அவர் 2018 வரை வாழ்ந்தார்.

பரம்பரையாக வருமா?

பத்தில் ஒருவருக்குத்தான் குடும்ப வரலாறு இருக்கும். எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு இருப்பதை 1993-ல் கண்டுபிடித்தார்கள், சி9ஆர்ஃப்72 மரபணுவில் இருப்பதை 2011-ல். மற்ற ஒன்பது பேருக்கும் வீட்டில் யாருக்கும் இல்லாமலே வருகிறது. ஆனால் இரு பிரிவினருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. டி.டி.பி.-43 என்ற புரதம் செல்லின் கருவுக்குள் இருக்க வேண்டியது. ஏறத்தாழ எல்லா ஏ.எல்.எஸ். நோயாளிகளிடமும் அது கருவை விட்டு வெளியே வந்து கட்டிகட்டியாகச் சேர்ந்து கிடக்கிறது. எஸ்.ஓ.டி.1 போன்ற சில வகைகள்தான் இதற்கு விலக்கு. இந்தப் புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்சுலின் பேச்சில் மறுபடியும் வரும்.

இன்சுலின் சர்க்கரைக்கு உள்ளது. நரம்பணுவில் அதற்கு என்ன வேலை?

ரத்தச் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் சேர்ப்பது இன்சுலினின் ஒரு வேலை, அவ்வளவுதான். மூளைக்கு இன்சுலின் தேவையில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். எலியின் மூளை முழுக்க இன்சுலின் ஏற்பிகள் (இன்சுலின் வந்து ஒட்டும் புரதங்கள்) பரவியிருப்பதை 1978-ல் காட்டிய பிறகு அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைக் கடந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகிறது. இன்சுலினைப் போன்ற உருவமுள்ள ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு ஹார்மோனும் அங்கே இருக்கிறது. கல்லீரல் அதை அதிகம் சுரக்கிறது, தசையும் நரம்பு மண்டலமும் தங்கள் தேவைக்குத் தாங்களே கொஞ்சம் செய்துகொள்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஏற்பிகள் என்றாலும், ஒன்றின் ஏற்பியில் மற்றொன்றும் ஓரளவு ஒட்டும், செல்லுக்குள் இரண்டும் ஒரே பாதையில்தான் பேசுகின்றன.

நரம்பணு குளுக்கோஸை உள்ளே எடுக்கப் பெரும்பாலும் இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை, குளுட்-3 என்ற புரதம் அந்த வேலையைச் செய்துவிடும். இன்சுலின் அங்கே செய்வது வேறு. அது ஏற்பியில் ஒட்டியதும் ஐ.ஆர்.எஸ். என்ற புரதம் தூண்டப்படுகிறது, அது பி.ஐ.3 கைனேஸைத் தூண்டுகிறது, அது ஏ.கே.டி. என்ற நொதியைச் செல்லின் மேலுறைக்கு வரவழைத்து விழிக்க வைக்கிறது. விழித்த ஏ.கே.டி. பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தடுக்கிறது. ஃபாக்ஸோ என்ற புரதத்தைக் கருவுக்குள் விடாமல் நிறுத்துகிறது. எம்டார் என்ற நொதியைத் தூண்டிப் புதுப் புரதங்களைச் செய்யச் சொல்கிறது.

இயக்க நரம்பணுவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? இடுப்புப் பக்கத் தண்டுவடத்தில் இருக்கும் ஒரு செல், கால் விரல் தசை வரைக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒற்றை இழையை நீட்டி வைத்திருக்கிறது. புரதமும், ஆற்றல் செய்து தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அந்த நீளம் முழுக்கப் போய்த் திரும்ப வேண்டும், அதற்கெல்லாம் ஆற்றல் வேண்டும். வீராணம் ஏரியில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். இந்த நோயிலும் பல நேரங்களில் நரம்பு தசையைத் தொடும் கடைசி முனை முதலில் விட்டுப்போகிறது, செல்லின் உடல் பிறகுதான் சாகிறது.

இந்த நோயில் இன்சுலின் செல்லுக்குத் தரும் அந்த சமிக்ஞை குறைந்துவிடுகிறதா?

குறைந்திருப்பதற்கான தடயங்கள் பல இடங்களில் இருக்கின்றன. ஏ.எல்.எஸ். நோயாளிகளின் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை என்று 1984-லேயே அளந்து காட்டினார்கள். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் சோதனையிலும் பலருக்குச் சர்க்கரை எதிர்பார்த்ததைவிட ஏறி நிற்பதாக 2010-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சொன்னார்கள். நோயாளிகளின் தசையில் விழித்த நிலையில் உள்ள ஏ.கே.டி. குறைந்திருந்தது, தசைப் புரதத்தை உடைக்கக் கொடுக்கும் அட்ரோஜின்-1 கூடியிருந்தது. ஏ.கே.டி. தளர்ந்தால் ஃபாக்ஸோ கருவுக்குள் புகுந்து அட்ரோஜினைத் தூண்டும் என்பது தெரிந்த பாதைதான், கணக்கு பொருந்துகிறது.

கணையத்திலும் ஒரு தடயம் கிடைத்தது. 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இன்சுலின் சுரக்கும் செல்களிலும் டி.டி.பி.-43 வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அது குறைந்தால், சாப்பிட்டவுடன் சட்டென்று வர வேண்டிய முதல் கட்ட இன்சுலின் குறைகிறது. அப்படியானால் நரம்பணுவைக் கெடுக்கும் அதே கோளாறு கணையத்தையும் தொடக்கூடும். பழ ஈக்களில் செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. சி9ஆர்ஃப்72 கோளாறு வைக்கப்பட்ட ஈக்களில் இன்சுலின் சமிக்ஞையைக் கூட்டியபோது நச்சுப் புரதம் குறைந்தது, ஈக்கள் கூடுதல் நாள் வாழ்ந்தன.

ஆனால் இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இன்சுலினால் உடம்புக்குள் இழுக்கப்படும் குளுக்கோஸில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான். தசை மெலிந்துவிட்டால் எந்த மனிதருக்கும் சர்க்கரை சரியாக இறங்காது. கட்டிலோடு இருப்பவருக்கும் அப்படித்தான். ஆகவே நோயாளியிடம் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்றால், அது நரம்பணு சாவதற்குக் காரணமா, அல்லது நரம்பணு செத்துத் தசை கரைந்ததன் விளைவா என்பதை ஒரே ரத்தப் பரிசோதனையில் பிரிக்க முடியாது. காரணம் பாதி, விளைவு பாதி என்றுதான் நான் படிக்கிறேன். “இன்சுலின் கோளாறுதான் இந்த நோய்” என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

அப்பாவுக்கு ஐந்து வருஷமாக இன்சுலின் ஊசி. அதனால்தான் கை மெலிந்ததா?

இல்லை. இன்சுலின் ஊசி மோட்டார் நியூரான் நோயைக் கொண்டுவருவதில்லை. இந்த எண்ணத்தில் ஊசியை நிறுத்தினால் சர்க்கரை எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம், தசையும் இன்னும் வேகமாகக் கரையும்.

சுகர் உள்ளவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருமா?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டிலேயே கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். தமிழ்நாட்டில் 14.4, நாடு முழுக்க 11.4. நாலில் ஒருவருக்குச் சுகர் இருக்கும் ஊரில், எந்த நோய் வந்தாலும் நோயாளிக்குச் சுகரும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று ஆகாது.

ஆய்வுகள் சொல்வது நாட்டுக்கு நாடு மாறுகிறது. டென்மார்க் பதிவேடுகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏ.எல்.எஸ். வருவது சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது, குறிப்பாக வயதானவர்களிடம். ஸ்வீடனிலும் மொத்தத்தில் குறைவுதான். ஆனால் சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் வகை வந்தவர்களிடம் அது கூடியிருந்தது. தைவானில் வந்த கணக்கு நேர் எதிர், அங்கே நீரிழிவு உள்ளவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, ஏ.எல்.எஸ். கொஞ்சம் அதிகம்.

ஐரோப்பாவில் முதுமையில் வரும் நீரிழிவு பெரும்பாலும் உடல் பருமனோடு வருகிறது, உடலில் சேமிப்பு கூடுதலாக இருப்பதே அங்கே காப்பாக இருந்திருக்கலாம். நம்மூரில் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளி இருப்பவருக்கும் சுகர் வருகிறது. அதனால் டென்மார்க் எண்ணை எடுத்து நமக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தைவான் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நீரிழிவு மிகப் பரவலானது, ஏ.எல்.எஸ். மிக அரிது. சுகர் உள்ளவர்களில் மிக மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரவே வராது.

சமிக்ஞை குறைகிறது என்றால் ஐ.ஜி.எஃப்.-1 ஊசியாகக் கொடுத்துவிடலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். இந்தத் துறையில் மிகவும் நம்பி, மிகவும் ஏமாந்த கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1997-ல் வட அமெரிக்காவில் 266 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஐ.ஜி.எஃப்.-1 ஊசியை அதிக அளவில் பெற்றவர்களுக்கு நோய் மோசமாகும் வேகம் சுமார் கால் பங்கு குறைந்ததாகத் தெரிந்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் 183 பேரிடம் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. ஒன்று ஆம், ஒன்று இல்லை. இதற்கிடையே 2003-ல், கெடுதியற்ற வைரஸில் ஐ.ஜி.எஃப்.-1 மரபணுவை ஏற்றி எலிகளின் தசையில் செலுத்தினார்கள். அது நரம்பு வழியே மேலேறித் தண்டுவடத்துக்கே போனது, எஸ்.ஓ.டி.1 கோளாறு உள்ள எலிகள் கணிசமாகக் கூடுதல் நாள் வாழ்ந்தன. நம்பிக்கை மறுபடி எழுந்தது. தீர்த்துவிடலாம் என்று அமெரிக்காவில் 330 நோயாளிகளை வைத்து, தினம் இரண்டு ஊசி வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. தசை வலுவிலும் பலனில்லை, ஆயுளிலும் பலனில்லை. ஊசி போட்டவர்களுக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது கூடுதலாக இருந்தது.

ஏன் பலிக்கவில்லை? தோலுக்கு அடியில் போடும் ஐ.ஜி.எஃப்.-1-ஐ ரத்தத்தில் இருக்கும் ஆறு வகைப் பிணைப்புப் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன, தண்டுவடத்துக்குள் போய்ச் சேருவது சொற்பம். எலியில் மருந்து போன வழி வேறு, மனிதருக்குப் போட்ட வழி வேறு. அத்தோடு, நோய் வெளியே தெரியும் நேரத்தில் இயக்க நரம்பணுக்களில் பெரும் பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். இத்தனை பேர் உடம்பில் ஊசி ஏற்றிக்கொண்டு கொடுத்த பதில் அது. அதை மதிக்க வேண்டும்.

ஐ.ஜி.எஃப்.-1 என்று இணையத்தில் ஜிம் மருந்தாக விற்பதை வாங்கிப் போட வேண்டாம். சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும், உள்ளே இருப்பது என்னவென்றும் தெரியாது.

இன்சுலின் சமிக்ஞையைக் குறைத்தால்தான் நல்லது என்றும் படித்தேன். எது சரி?

இரண்டுமே ஆய்வில் வந்தவைதான். சிந்தியா கென்யன் 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் என்ற புழுவில், டாஃப்-2 என்ற ஒரே மரபணு மாறினால் ஆயுள் இரட்டிப்பாவதைக் காட்டினார். டாஃப்-2 என்பது அந்தப் புழுவின் இன்சுலின் ஏற்பி என்று 1997-ல் தெரிந்தது. எஸ்.ஓ.டி.1 கோளாறு வைக்கப்பட்ட புழுக்களிலும் இந்த சமிக்ஞையைக் குறைத்தால் நச்சுத்தன்மை குறைகிறது.

விடை எம்டாரில் இருக்கிறது. எம்டார் விழித்திருக்கும் வரை செல் புதுப் புரதம் செய்வதில் முனைப்பாக இருக்கும், உள்ளே சேர்ந்த பழைய குப்பையை உடைத்துக் கழிக்கும் வேலை அடங்கிக் கிடக்கும். இந்த நோயில் செல்லுக்கு இரண்டுமே தேவை: ஏ.கே.டி. தரும் உயிர்க்காப்பும் வேண்டும், டி.டி.பி.-43 கட்டிகளைக் கழிப்பதும் வேண்டும். எம்டாரை அடக்கும் ராபமைசின் மருந்து இதைத் தெளிவாகக் காட்டியது. டி.டி.பி.-43 கோளாறு வைத்த எலிகளுக்கு அது உதவியது, எஸ்.ஓ.டி.1 எலிகளுக்கோ நோயை விரைவாக்கியது. ஒரே பாதை, ஒரே மருந்து, கோளாறு மாறினால் பலனும் தலைகீழ். “இன்சுலினைக் கூட்டு” என்றோ “குறை” என்றோ ஒற்றை வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

சுகர் மாத்திரைகளில் ஏதாவது இந்த நோயைத் தடுக்குமா?

இன்சுலின் இணக்கத்தைக் கூட்டும் பயோகிளிட்டசோனை ஜெர்மனியில் 219 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை, ஆய்வைப் பாதியில் நிறுத்தி 2012-ல் வெளியிட்டார்கள். மெட்ஃபார்மின் எஸ்.ஓ.டி.1 ஆண் எலிகளுக்கு உதவவில்லை, பெண் எலிகளுக்குக் கெடுதலே செய்தது. சி9ஆர்ஃப்72 எலிகளில் மட்டும் 2020-ல் நல்ல பலன் வந்தது.

சுகருக்காக ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுப்பவர் இந்த எலி ஆய்வைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஆனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். பல வருஷமாக எடுப்பவருக்கு பி12 குறையலாம், அதுவே நரம்பைக் கெடுக்கும், ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். அப்புறம், எடையைக் குறைக்கும் சுகர் மருந்துகள். செமாக்ளூடைடு வகை ஊசிகளும், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் மற்ற சுகர்காரர்களுக்கு எடையைக் குறைத்து நன்மை செய்யும். மோட்டார் நியூரான் நோயாளிக்கு அதே எடைக் குறைவு கேடு.

சுகர் இருக்கிறதே, சாதத்தைக் குறைத்துக் கட்டுப்பாடாக வைத்தால் நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எடை குறையவே கூடாது.

ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சும்மா படுத்திருக்கும்போதே உடல் வழக்கத்தைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது. தசை குறைகிறது, ஆனால் செலவு கூடுகிறது. அதே நேரம் விழுங்கக் கஷ்டம், கையைத் தூக்கக் கஷ்டம், ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறதே என்று நோயாளியே பாதியில் போதும் என்கிறார். நோய் கண்டறியும்போது வழக்கமான எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தாலே இறப்பு அபாயம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது என்று பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2011-ல் கணக்கிட்டது. 60 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 3 கிலோ.

இந்த நிலையில் வீட்டில் என்ன நடக்கிறது? சுகருக்காகப் பத்துப் பதினைந்து வருஷமாகப் பழகிய பத்தியம் அப்படியே தொடர்கிறது. ஒரு கரண்டி சாதம், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, நெய் கூடாது, தேங்காய் கூடாது, பலாச்சுளையைக் கண்ணால் பார்த்தாலே திட்டு. பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் இருபது வருஷம் கழித்து வரக்கூடிய சிறுநீரகக் கோளாறைத் தடுக்கப் போட்ட கட்டுப்பாடு, இந்த வருஷத்தின் வலுவைத் தின்றுகொண்டிருக்கிறது. சர்க்கரையைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்வது, அதற்கேற்ப மருந்தை மாற்றுவது, சாப்பாட்டைக் குறைக்காமல் இருப்பது என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். “ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எவ்வளவு வரை போகலாம்?” என்று எண்ணாகவே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கொழுப்பைக் கூட்டினால் ஆயுள் கூடுமா என்று ஜெர்மனியில் 201 பேரிடம் பார்த்தார்கள், தினம் 405 கலோரி அளவுக்குக் கொழுப்புப் பானம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2020-ல் வந்த முடிவில் மொத்தக் குழுவுக்குப் பலன் தெரியவில்லை, நோய் வேகமாகப் போனவர்களிடம் மட்டும் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. ஆக, அதிகக் கொழுப்பு மருந்து ஆகாது. ஆனால் போதிய கலோரியும் புரதமும் இல்லாமல் போவது நிச்சயம் கெடுதல்.

நம் சமையலில் இதற்கு வழி நிறைய உண்டு. குழையக் குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும், அவித்த முட்டையை மசித்துச் சேர்த்தது, முள் இல்லாமல் உதிர்த்து ஆய்ந்த மீனைக் குழம்போடு பிசைந்தது, கெட்டியான கேழ்வரகுக் கூழில் தயிர், பண்ருட்டி முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பாலில் கலந்தது. மோரும் ரசமும் தண்ணீரும்தான் முதலில் புரையேறும், கெட்டியாக இருப்பது எளிதாக இறங்கும். சுறாப்புட்டு எங்கள் கடற்கரை வீடுகளில் பலம் கொடுக்கும் பதார்த்தம்தான், ஆனால் உதிரியாக இருப்பதால் தொண்டையில் சிதறும். செய்தால் குழம்பு விட்டு ஈரமாக்கித்தான் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, விழுங்கும்போது தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை பார்த்தால் எந்தப் பதம் பாதுகாப்பானது என்று சொல்லிவிடுவார்.

வாய் வழியே போதவில்லை என்றால் வயிற்றில் சிறு குழாய் வைப்பது பற்றிச் சீக்கிரமே பேசுங்கள். மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன் வைத்தால் ஆபத்து குறைவு. “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டால் வைக்க முடியாமலே போய்விடலாம்.

சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டா?

உண்டு, இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை தாழும். பேச்சு போன நோயாளியால் “படபடப்பாக இருக்கிறது” என்று சொல்ல முடியாது, குழறல் புதிதா பழையதா என்றும் வீட்டாருக்குத் தெரியாது. திடீர் வியர்வை, திடீர் மயக்கம், புது மந்தம் எது வந்தாலும் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். தாழ்ந்திருந்து, விழுங்கவும் முடியாதவர் என்றால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். குழாய் இருந்தால் அதன் வழியே கொடுக்கலாம்.

இன்னொன்று, தசை குறைந்தவருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் தானாகவே குறைந்துவிடும். அதைப் பார்த்து “சிறுநீரகம் அருமையாக இருக்கிறது” என்று நினைத்து மருந்தின் அளவை வைப்பது சரியாக வராது. சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை இங்கே நம்பகமானது.

சுகர்காரருக்குத் தொடை மெலிந்தால் அது இந்த நோய்தானா?

பெரும்பாலும் இல்லை. சுகர் உள்ளவர்களுக்கு ஒரு பக்கத் தொடையில் கடும் வலியோடு தொடங்கி, சில வாரங்களில் தசை மெலிந்து, எடையும் குறையும் ஒரு நரம்புக் கோளாறு உண்டு. அது மாதக்கணக்கில் மெல்லத் தேறும். மோட்டார் நியூரான் நோயில் வலியோ மரப்போ முன்னால் நிற்காது. கழுத்து எலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை அழுத்தினாலும் கை மெலியும். இயக்க நரம்பை மட்டும் தாக்கும் இன்னொரு நோய், இம்யூனோகுளோபுலின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிய நரம்புக் கடத்தல் சோதனை, தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி., கழுத்து எம்.ஆர்.ஐ. வேண்டும். மருந்தால் சரியாகக்கூடிய ஒன்றுக்கு இந்த நோயின் பெயரை வைத்துவிட்டு முடங்கிவிடக் கூடாது.

இளைஞருக்கு இந்த நோய் என்றார்கள். வேறு வகை உண்டா?

உண்டு. தென்னிந்திய இளைஞர்களிடம் காணப்படும் ஒரு வகையை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970-ல் சென்னையிலிருந்து விவரித்தார்கள். மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே உலகம் அதை அழைக்கிறது. கை கால் மெலிவோடு முகத் தசை பலவீனமும் காது கேளாமையும் சேரும், ஆனால் மெதுவாகப் போகும், பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

நடுவயது ஆண்களுக்கு வரும் கென்னடி நோய் வேறு. இதில்தான் இன்சுலின் எதிர்ப்பு மிகத் தெளிவாகக் காணப்படுகிறது, கல்லீரலில் கொழுப்பும் சேர்கிறது. ஐ.ஜி.எஃப்.-1 போன்று செயல்படும் ஒரு மருந்தை இவர்களிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். தொடைத் தசையின் அளவு குறையாமல் நின்றது, வலு கூடவில்லை.

இப்போது கையில் இருக்கும் சிகிச்சை என்ன?

ரிலுசோல் மாத்திரை 1995 முதல் இருக்கிறது, ஆயுளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதம் நீட்டும். கல்லீரல் பரிசோதனை இடையிடையே வேண்டும். எடாரவோன் ஜப்பானில் 2015-ல் அனுமதிக்கப்பட்டது. எஸ்.ஓ.டி.1 கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டோஃபர்சன் என்ற ஊசி 2023-ல் அமெரிக்காவில் வந்தது.

என்னைக் கேட்டால், முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியைத்தான் முதலில் பேசுவேன். விழுங்கும் தசைகள் ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு அது சராசரியாக 205 நாள் கூடுதல் ஆயுள் தந்ததாக 2006-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. காலையில் தலைவலி, படுத்தால் மூச்சுத் திணறல், பகலெல்லாம் தூக்கம் வந்தால் அதைப் பற்றி உடனே கேளுங்கள்.

ஸ்டெம் செல், மூக்கு வழி இன்சுலின் என்று விளம்பரம் வருகிறதே?

ஸ்டெம் செல்லை இந்த நோய்க்குப் பணம் வாங்கிக்கொண்டு போடுவதை நம் நாட்டு வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை, முறையான ஆய்வில் மட்டுமே செய்யலாம். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு குடும்பம் இதற்காக நிலத்தை விற்றதைக் கண்ணால் பார்த்தேன், இன்னும் ஆறவில்லை எனக்கு. மூக்கு வழி இன்சுலினைப் பெரிய அளவில் சோதித்தது அல்சைமர் நோய்க்கு, 2020-ல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தைப் பைபாப் கருவிக்கும் சாய்வுக் கட்டிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? என்ன எடுத்துப் போவது?

கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் கோரிமேடு ஜிப்மரின் நரம்பியல் துறைதான் அருகில் உள்ள பெரிய அரசு இடம். தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். போகும்போது இவற்றை எடுத்துச் செல்லுங்கள்: கடந்த ஓராண்டு எடை எப்படி இருந்தது என்ற குறிப்பு, சுகர் அளவுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, பழைய எம்.ஆர்.ஐ. படம், தசை துடிப்பதையும் அவர் சாப்பிடுவதையும் போனில் எடுத்த வீடியோ. நரம்பியல் டாக்டரும் சுகர் டாக்டரும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் என்றால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு. பெரும்பாலான குழப்பம் அந்த இடைவெளியில்தான் வருகிறது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் உள்ளன. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு நடக்க முடிகிற காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு பரிசோதனைக்கு அழைத்துப்போவதே பெரும்பாடு.